தொலைந்த புத்தகம்

கரேன் மக்களிடம் ஒரு பழங்கதை உண்டு. படைத்தவனாகிய யுவா தன் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தான். மூத்தவன் கரேன். அவனுக்குக் கிடைத்தது தோலில் எழுதிய புத்தகம். காட்டை வெட்டி விதைக்கிற மும்முரத்தில் அதை அவன் கவனிக்காமல் போட்டுவிட்டான். மழை நனைத்தது, கோழி கிளறியது, எழுத்து அழிந்தது. இளையவனான வெள்ளைத் தம்பி தன் புத்தகத்தோடு கடல் கடந்து போனான். ஒருநாள் அவன் திரும்பி வருவான், அண்ணன் தொலைத்ததை அண்ணன் கையில் கொடுப்பான். சொல்பவருக்குச் சொல்பவர் விவரம் மாறும். புத்தகம் தொலைந்தது மட்டும் எல்லாக் கதையிலும் மாறாமல் இருக்கும்.

தமிழருக்கு இந்தத் துக்கம் புதிதல்ல. தில்லையில் தேவார ஏடுகளைப் புற்று மூடிக் கிடந்ததையும், ராஜராஜன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி மீட்டது போக எஞ்சியதைக் கறையான் தின்றுவிட்டதையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கடல் கொண்ட நூல்களுக்காக இன்றுவரை ஏங்குகிறவர்கள். அதனால்தான் மத்திய அந்தமானில் மாயாபந்தருக்கு அருகே வெபி என்றொரு கரேன் கிராமம் இருப்பதை முதலில் படித்தபோது என் மனம் இந்தக் கதையில் போய் நின்றது. வெபி என்றால் மறைவான ஊர் என்று பொருள் சொல்கிறார்கள். அந்த ஊருக்கு 2025-இல் நூறு வயது நிறைந்தது.

வெபிக்குக் கரேன்கள் வந்தது அரசின் தேவையால். போர்ட் பிளேரில் 1858-இல் தொடங்கிய கைதிக் குடியேற்றத்தை முடித்துக்கொள்வதாக 1921-இல் அரசு அறிவித்தது. கைதிகள் குறையக் குறையக் காட்டில் மரம் வெட்ட ஆள் இல்லாமல் போயிற்று. காடு தெரிந்த சுதந்திரமான உழைப்பாளிகள் வேண்டும் என்று பர்மாவைப் பார்த்தார்கள். இன்செயினில் கரேன் வேதப் பள்ளியை நடத்திவந்த அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி மார்ஷல் வழியாக அழைப்பு போனது. 1925-இல் லூஜி என்ற கரேன் போதகரின் தலைமையில் சில குடும்பங்கள் கப்பலேறின. போதகரையும் கூட்டிக்கொண்டு கூலிக்கு வந்த கூட்டம் அது. தேயிலைக்கும் ரப்பருக்கும் நம்மவர்கள் கப்பலேறியபோது கங்காணி முன்னால் நடந்தார். இவர்களுக்கு முன்னால் வேதத்தைச் சுமந்தவர் நடந்தார். அந்த வித்தியாசம் நூறு வருஷமாக அந்தக் கிராமங்களின் முகத்தில் இருக்கிறது.

அந்த வேதம் அவர்கள் கைக்கு வந்த கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

1812-இல் அதோனிராம் ஜட்சன் என்ற இளைஞர் அமெரிக்காவிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்தார். அவரை அனுப்பிய சபை குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபை. கல்கத்தா பக்கம் செராம்பூரில் வில்லியம் கேரியும் அவருடைய பாப்டிஸ்ட் தோழர்களும் இருந்தார்கள். அவர்களோடு வாதம் வந்தால் பதில் சொல்ல வேண்டுமே என்று ஜட்சன் கடல் வழியெல்லாம் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் புரட்டிப் பார்த்தார். பார்க்கப் பார்க்கத் தன் பக்கம்தான் தவறு என்று தோன்றியது. அந்த ஆண்டு செப்டம்பரில் கல்கத்தாவில் மூழ்கி ஞானஸ்நானம் பெற்றார். அனுப்பியவர்களிடமிருந்து விலகினார், அவர்கள் தரும் சம்பளமும் நின்றது. வசனம் ஒன்றைச் சொன்னால் அதற்குத் தன் பிழைப்பையும் கொடுத்துவிடுவது என்பது பழமைவாத பாப்டிஸ்ட் மனத்தின் நடு நரம்பு. இதைப் பிடிவாதம் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது நேர்மையாகப் படுகிறது.

பர்மாவுக்குப் போன ஜட்சன் 1824-இல் ஆங்கிலேய - பர்மியப் போர் மூண்டதும் ஆவாவில் சிறைப்பட்டார். அவர் பர்மிய மொழியில் எழுதிவந்த புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை மனைவி ஆன் ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். சிறை மாற்றும்போது தலையணையைப் பிடுங்கி மேலுறையைக் கழற்றிக்கொண்டு உள்ளே இருந்த கட்டியைத் தூக்கி எறிந்தார்கள். மௌங் இங் என்ற விசுவாசி, ஆசிரியருடைய ஞாபகமாக இருக்கட்டும் என்று அதை எடுத்துப் போய் வீட்டில் வைத்தார். மாதங்கள் கழித்துப் பிரித்தபோது உள்ளே சுவிசேஷம் பத்திரமாக இருந்தது. முழு வேதாகமத்தின் பர்மிய மொழிபெயர்ப்பை ஜட்சன் 1834-இல் முடித்தார்.

கரேன்களுக்கு அப்போது எழுத்தே இல்லை. அவர்களில் முதல் கிறிஸ்தவர் கோ தா பியூ. கடனுக்கு அடிமையாகக் கிடந்தவர். அதற்கு முன்னால் கொள்ளைக்காரர், முப்பது உயிர் வரை போக்கியதாகத் தானே ஒப்புக்கொண்டவர். கிறிஸ்தவர்கள் அவர் கடனை அடைத்து மீட்டார்கள். படிக்கக் கற்றுக்கொண்டார். 1828 மே 16 அன்று தவாய் ஊரில் ஜார்ஜ் போர்ட்மன் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அதன் பிறகு 1840-இல் சாகும் வரை மலை மலையாக நடந்து தன் ஜனத்திடம் அவர் சொன்னது பெரும்பாலும் ஒரே செய்தி: தொலைந்த புத்தகம் வந்துவிட்டது. 1830-களில் ஜோனதன் வேட் பர்மிய எழுத்துகளைக் கொண்டு ஸ்கா கரேன் மொழிக்கு எழுத்தமைத்தார். பிரான்சிஸ் மேசன் 1853-இல் முழு வேதாகமத்தையும் அந்த எழுத்தில் முடித்தார். எழுத்தே இல்லாத ஒரு ஜனம் ஒரே தலைமுறையில் வாசிக்கிற ஜனமாயிற்று.

மிஷனரிகள் தங்கள் வசதிக்காக அந்தப் பழங்கதையை ஊதிப் பெரிதாக்கினார்கள் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. பெரிதாக்கியிருக்கலாம். பர்மிய அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் நடுவே நசுங்கிய ஒரு மலைக்கூட்டம் தன்னை ஒரு ஜனமாகக் காண அந்தப் புத்தகம் உதவியது என்பதையும் அவர்களே எழுதுகிறார்கள். எனக்கு முக்கியமானது வேறு. கரேன்கள் வேதத்தைப் பெற்றபோது தங்கள் மொழியையும் கையில் பெற்றார்கள். அவர்களுக்கு இரண்டும் ஒரே பொருள்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நெல்லைச் சீமையில் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில் பிறந்தேன். கைக்குழந்தையாக இருக்கும்போது தலையில் மூன்று கை நீர் தெளித்து எனக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. ஞானத்தாய், ஞானத்தகப்பன் என்று பெயரோடு பதிவேட்டில் இருக்கிறது. அதை நான் குறைவாக நினைக்கவில்லை. என் பெற்றோரின் விசுவாசம் என்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் பீடத்தின் முன் நிறுத்தியது. ஆனாலும் நடுவயதில் பாப்டிஸ்ட் மரபை ஆழ்ந்து படித்தபோது ஒரு கேள்வியிலிருந்து தப்ப முடியவில்லை. என்னை யாரும் கேட்கவே இல்லையே?

பாப்டிஸ்ட் உபதேசம் அந்தக் கேள்வியின் மேல் நிற்கிறது. விசுவாசிக்கிறேன் என்று தன் வாயால் சொல்கிறவரைத்தான் தண்ணீரில் இறக்க வேண்டும். அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவின் சுருளை வாசித்துக்கொண்டு போகிறார். அர்த்தம் தெரியவில்லை. பிலிப்பு ஏறி உட்கார்ந்து விளக்குகிறார். வழியில் தண்ணீர் வருகிறது. மந்திரி தானே கேட்கிறார். இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பார்கள் பாப்டிஸ்டுகள்: வாசிப்பு, விளக்கம், சம்மதம், பிறகு தண்ணீர். மந்திரியின் விசுவாச அறிக்கை வரும் முப்பத்தேழாம் வசனம் நம் பழைய தமிழ் வேதாகமத்தில் இருக்கிறது. பல புதிய மொழிபெயர்ப்புகளில் அது அடிக்குறிப்புக்கு இறங்கிவிட்டது. பழமையான கையெழுத்துப் பிரதிகளில் அது இல்லை என்பது அறிஞர்கள் சொல்லும் காரணம். பழைய திருப்புதலை விட்டுக்கொடுக்க மறுக்கும் தமிழ்ப் பெரியவர்களின் வலி எனக்குப் புரிகிறது. அந்த ஒரு வசனத்தில்தான் அந்தக் காட்சியின் சம்மதம் பேசப்படுகிறது.

சொல்லிலும் தமிழில் ஒரு விசேஷம் இருக்கிறது. ஸ்நானம் என்றால் குளியல். முழுக்கு என்றால் முங்கி எழுவது. ஐப்பசியில் துலா ஸ்நானம் போகிறவர் யாரும் நாலு சொட்டுத் தெளித்துக்கொண்டு திரும்புவதில்லை. இருந்தும் நாங்கள் ஞானஸ்நானம் என்று சொல்லிக்கொண்டு தெளிக்கிறோம், கத்தோலிக்கர் திருமுழுக்கு என்று சொல்லிக்கொண்டு ஊற்றுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வங்காள மொழிபெயர்ப்பில் அந்தக் கிரேக்கச் சொல்லை முழுக்கு என்றே பெயர்த்ததற்காகப் பாப்டிஸ்ட் மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பணம் தர வேதாகமச் சங்கங்கள் மறுத்தன. பாப்டிஸ்டுகள் தங்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். தமிழில் அந்தச் சண்டை அவ்வளவு பெரிதாக வெடிக்கவில்லை. நம் சொல் ஏற்கெனவே அவர்கள் பக்கம் நின்றது ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் பாப்டிஸ்டுகள் சிறுபான்மையினரிலும் சிறுபான்மை. வந்தவர்களில் கண்டிப்பானவர்கள் இங்கிலாந்தின் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் சார்ந்தவர்கள். அவர்களில் ஜெசி பிராண்ட் கொல்லிமலையில் மருந்துப் பெட்டியோடு ஏறி இறங்கினார், 1929-இல் காய்ச்சலில் அங்கேயே இறந்தார். வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அசைவைத் திருப்பித் தந்த பால் பிராண்ட் அவருடைய மகன், 1914-இல் பிறந்தவர். பாப்டிஸ்டுகளிடமிருந்து நமக்கு வந்த பெரிய கொடை இன்னொன்று. பெட்போர்ட் சிறையில் பன்னிரண்டு வருஷம் கிடந்த ஜான் பனியன் எழுதிய பயணக் கதையைத் தழுவித்தான் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் இரட்சணிய யாத்திரிகத்தைத் தந்தார். பனியனின் உபதேசம் பாளையங்கோட்டைக்கு வராமல் அவருடைய பிரயாணி மட்டும் விருத்தத்தில் வந்து சேர்ந்தார்.

தீவுகளின் பக்கம் திரும்பினால், நிக்கோபார் வேறு வழியில் போனது. கார் நிக்கோபாரில் முஸ் கிராமத்தில் 1890-களில் பள்ளி வைத்து நடத்தியவர் வேதப்பன் சாலமோன் என்ற தமிழர், ஆங்கிலிக்கன் உபதேசியார். அவரிடம் படித்த நிக்கோபாரிச் சிறுவன்தான் பிற்காலத்தில் பேராயர் ஜான் ரிச்சர்ட்சன். புதிய ஏற்பாட்டைத் தன் தாய்மொழிக்குக் கொண்டுவந்தார், 1952-இல் முதல் மக்களவையில் நியமன உறுப்பினராகவும் உட்கார்ந்தார். வெபியின் மரபில் பேராயர் கிடையாது. பாப்டிஸ்ட் சபைக்கு மேலே மனித அதிகாரம் இல்லை. போதகரை அழைப்பதும் சபைதான், அனுப்புவதும் சபைதான். ஞானஸ்நானம் கேட்கிறவர் எழுந்து தன் சாட்சியைச் சொல்வார், கேட்டிருந்த சபை ஏற்றுக்கொள்ளும். ஒழுங்கு தவறியவரைத் திருவிருந்திலிருந்து விலக்கி வைப்பதும், மனந்திரும்பினால் மறுபடி சேர்த்துக்கொள்வதும் சபையின் வேலை. சிற்றூரில் இது கடினமான வாழ்க்கை. குடித்துவிட்டு வந்தவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரனே தீர்ப்புச் சொல்கிறவனாகவும் இருப்பான். இதில் கொடுமை நுழைய இடமுண்டு, நுழைந்தும் இருக்கிறது, உலகமெங்கும் பாப்டிஸ்ட் சபைகள் உடைந்த கதைகள் ஏராளம். ஆனால் விசுவாசம் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையாக மட்டும் இருந்துவிடாதபடி அந்தக் கண்டிப்பு காத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தமானைப் பற்றி எழுதிக்கொண்டு வட சென்டினல் தீவைப் பேசாமல் போனால் கோழைத்தனம். 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற 26 வயது அமெரிக்கர், யாரும் நெருங்கக் கூடாது என்று 1956-ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குவிதி காக்கும் அந்தத் தீவுக்குச் சுவிசேஷம் சொல்லப் போனார். ஒரு சிறுவன் எய்த அம்பு அவர் கையிலிருந்த வேதாகமத்தில் தைத்ததாக அவருடைய நாட்குறிப்பு சொல்கிறது. அவர் மறுபடியும் போனார். கொல்லப்பட்டார். அவர் பாப்டிஸ்ட் என்று சொல்ல வரவில்லை. அவரை அனுப்பிய உணர்வு, எல்லா ஜனத்துக்கும் சொல்லியே ஆக வேண்டும் என்ற பாரம், பழமைவாதக் கிறிஸ்தவர் எல்லோருக்கும் பொதுவானது. எனக்கும் அது அந்நியமில்லை. அந்த இளைஞனின் தைரியத்தைக் கேலி செய்தவர்களோடு நான் நிற்கமாட்டேன். ஆனால் அவர் செய்தது தவறு. நோய் எதிர்ப்பே இல்லாத ஒரு சிறு கூட்டத்தின் நடுவே போய் நிற்பது அவர்கள் உயிரோடு விளையாடுவது. அதற்கும் மேலே, பாப்டிஸ்ட் உபதேசத்தின்படியே அது தவறு. பாப்டிஸ்ட் முன்னோடி தாமஸ் ஹெல்விஸ் 1612-இல் இங்கிலாந்து ராஜாவுக்கு எதிராக எழுதி, பின்னர் சிறையில் செத்தது எதற்காக? மனிதனின் ஆத்துமா விஷயத்தில் யாரும் அவனை வற்புறுத்தக் கூடாது, யூதனானாலும் துருக்கியனானாலும் சரி என்று சொன்னதற்காக. கேட்காமல் ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது என்றால், வேண்டாம் என்று சொன்னவன் வாசலில் இரண்டாம் முறை போய் நிற்கவும் கூடாது. அம்பு என்பது பதில்தான். சம்மதத்தைப் புனிதமாக வைத்த மரபு மறுப்பையும் புனிதமாக வைக்க வேண்டும். கோ தா பியூ வாசலில் வந்து நின்றபோது கரேன்கள் அந்தப் புத்தகத்தை எதிர்பார்த்திருந்தார்கள். சென்டினல் மக்கள் யாரையும் எதிர்பார்க்கவில்லை.

திரும்ப வெபிக்கு வருகிறேன். என் கவலை அங்கேதான் இருக்கிறது.

அந்தமான் கரேன்கள் வந்தபோது பர்மா இந்தியாவோடு ஒரே ஆட்சியில் இருந்தது. 1937-இல் பர்மா தனியாகப் பிரிந்தது. 1942 முதல் 1945 வரை தீவுகள் ஜப்பானியர் கையில் இருந்தன. 1948-இல் பர்மா சுதந்திர நாடாயிற்று. இருந்த இடத்தை விட்டு அசையாமலே கரேன்கள் தாய்நிலத்துக்கு வெளிநாட்டவர் ஆனார்கள். இந்த வேதனை 1960-களில் ரங்கூனிலிருந்து வெறுங்கையோடு கப்பலேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரியும். இன்று வெபி, தேவ்பூர், லத்தாவ், கர்மாட்டாங் முதலிய ஊர்களில் ஏறக்குறைய இரண்டாயிரம் கரேன்கள் இருக்கிறார்கள். நெல் விதைக்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், அரசு வேலைக்குப் போகிறார்கள். சுற்றிலும் வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு. 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்கள் 3,80,581 பேர். அந்தக் கடலில் இரண்டாயிரம் பேரின் மொழி எவ்வளவு தாங்கும்?

கரேன் பிள்ளை பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படித்து வளர்கிறது. கரேன் எழுத்தை அந்தப் பிள்ளை பார்க்கிற முக்கியமான இடம் ஆலயம். பாட்டுப் புத்தகமும் வேதாகமமும் அதற்கு அரிச்சுவடி. பழமைவாத பாப்டிஸ்ட் போதகர் ஒருவர் தன் ஆடுகளைப் பற்றிக் கவலைப்படும்போது உலகத்தனம், குடி, தவறான உபதேசம் என்று எண்ணிக்கொண்டு போவார். வெபியில் அந்தப் பட்டியலின் தலையில் வேறொன்று இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வேதம் பிழையற்றது என்று ஒருவர் அறிக்கையிடலாம். அந்தப் பிழையற்ற வேதத்தைத் தன் தாய் பேசிய மொழியில் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளை அந்த அறிக்கையை யாரோ சொன்னதாகத்தான் திருப்பிச் சொல்லும். பேராயர் இல்லை, பாரம்பரியம் அதிகாரம் இல்லை, நீயே வாசித்து நீயே சம்மதி என்று சொன்ன மரபு இது. அதற்கு எழுத்தறிவு உபதேசத்தின் வெளிச்சுவர் அல்ல, அஸ்திவாரம்.

இந்தி வேதாகமம் இருக்கிறதே, ஆங்கிலம் இருக்கிறதே, கர்த்தருக்கு எல்லா மொழியும் தெரியுமே என்று கேட்பவர் உண்டு. உண்மைதான், இந்தியில் வாசித்தாலும் இரட்சிப்பு இரட்சிப்புதான். ஆனால் கரேன்களின் விஷயத்தில் அந்தப் புத்தகம் வந்தது இழந்த ஒன்றைத் திருப்பித் தரும் வாக்காக. என் பாட்டி கடைசி நாட்களில் நினைவு தப்பிக் கிடந்தபோது பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் மறந்துபோயின. அவள் உதட்டில் கடைசி வரை நின்றவை தமிழில் அவள் சிறுமியாக இருந்தபோது மனப்பாடம் செய்த சங்கீதங்கள். மொழி போனால் மனிதருக்கு அந்தக் கடைசிப் படுக்கையில் என்ன மிஞ்சும் என்று அன்று முதல் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தமானில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ்வழி அரசுப் பள்ளிகள் உண்டு. அவை தானாக வரவில்லை, கேட்டுப் பெற்றவை. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவு சொல்கிறது. இரண்டாயிரம் பேருக்குத் தனிப் பள்ளி கட்ட முடியாது என்று நிர்வாகம் சொல்லலாம். தனிப் பள்ளி வேண்டாம். கரேன் கிராமங்களின் தொடக்கப் பள்ளியில் கரேன் எழுத்துக்கு உறுதியான ஒரு பாடவேளையும், சம்பளத்தோடு ஒரு கரேன் ஆசிரியரும் போதும். ஞாயிறு பள்ளி ஒன்றே தூக்கிக்கொண்டிருக்கும் சுமையில் பாதி இறங்கும்.

மாயாபந்தரிலும் ரங்கத்திலும் இருக்கும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் எந்தச் சபையானாலும், சபையே இல்லாதவரானாலும், உங்கள் பிள்ளைகளுக்காக மனு எழுதிய கை இன்னும் இருக்கிறது. அடுத்த மனுவில் வெபியின் பிள்ளைகளையும் சேர்த்து எழுதுங்கள்.